ஜாதியா, நடையா? தாளப் பாடத்தைத் தேர்வுக்குப் படித்த முறை

கர்நாடக இசைத் தேர்வுக்குத் தயாராகும் பலர் ராக லட்சணத்தை (ராகங்களின் இலக்கணத்தை) உருப்போட்டுவிட்டு, தாளப் பகுதியைக் கடைசி இரண்டு நாளுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் மதிப்பெண்ணை முழுசாக அள்ளக்கூடிய பகுதி அதுதான். கணக்கு சரியாக இருந்தால் யாரும் குறைக்க முடியாது. எனக்குக் கைகொடுத்த முறையைச் சொல்கிறேன்.

35 தாள அட்டவணையை எடுத்தவுடன் மனப்பாடம் செய்யாதீர்கள். ஏற்கெனவே பாடிப் பழகிய சப்த தாள அலங்காரங்களிலிருந்து, அதாவது ஏழு தாளங்களுக்கான ஸ்வரப் பயிற்சிகளிலிருந்து தொடங்குங்கள். அவற்றில் வரும் அங்கங்கள், அதாவது தாளத்தின் உறுப்புகள், மூன்றுதான். அனுத்ருதம் ஒரு தட்டு, 1 அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை). த்ருதம் தட்டும் வீச்சும், 2 அட்சரம். லகு என்பது தட்டோடு விரல் எண்ணிக்கை. இந்த மூன்றில் ஜாதிக்கு (லகுவின் நீளத்தைச் சொல்லும் வகைக்கு) ஏற்ப மாறுவது லகு மட்டுமே. திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. ஏழு தாளங்களின் அங்க வரிசை தெரிந்தால், ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஜாதி என 35 தாளங்களையும் தேர்வறையிலேயே போட்டுவிடலாம்.

அடுத்து, கையால் போட்டுப் பார்த்தே ஆக வேண்டிய ஒன்று. சதுஸ்ர ஜாதி துருவம் 4+2+4+4, மொத்தம் 14. கண்ட ஜாதி அட தாளம் 5+5+2+2, அதுவும் 14. சதுஸ்ர ஜாதி மட்டியமும் (4+2+4) மிஸ்ர ஜாதி ஜம்பையும் (7+1+2) இதேபோல ஆளுக்கு 10. இரண்டு 14-ஐயும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். துருவத்தில் த்ருதம் இரண்டாவதாகவே வந்துவிடும். அட தாளத்தில் இரண்டு நீண்ட லகுக்கள் முடிந்த பிறகுதான் வரும். பாட்டின் அழுத்தம் விழும் இடமே மாறிவிடுகிறது. மொத்த எண்ணிக்கையைவிட அது எப்படிப் பிரிகிறது என்பதில்தான் ஒரு தாளத்தின் குணம் இருக்கிறது. இது கையில் ஏறிவிட்டால் தியரியில் பாதி முடிந்த மாதிரி.

அதிகம் பேர் தடுமாறுவது ஜாதிக்கும் நடைக்கும் இடையில். இரண்டிலும் அதே ஐந்து பெயர்கள் வருவதால் வரும் குழப்பம் இது. ஜாதி, லகுவில் எத்தனை அட்சரம் என்று சொல்கிறது. நடை, ஒவ்வொரு அட்சரத்துக்குள்ளும் எத்தனை மாத்திரை (உட்பிரிவு) என்று சொல்கிறது. ஆதி தாளம், அதாவது சதுஸ்ர ஜாதி திரிபுடை, 4+2+2 என எட்டு அட்சரம். சதுஸ்ர நடையில் 32 மாத்திரை. திஸ்ர நடைக்கு மாற்றினால் 24. தட்டும் விரலும் வீச்சும் அப்படியே இருக்கும், வாயில் ‘தகதிமி’ போய் ‘தகிட’ வரும். திஸ்ர ஜாதி திரிபுடையோ 3+2+2. அங்கே கையே மாறிவிடும். கேள்வியில் ‘திஸ்ர’ என்று கண்டதும் ஜாதியா நடையா என்று அடிக்கோடு போட்டுவிட்டு, அட்சரத்தை முதலில் கூட்டி, பிறகு நடையால் பெருக்குங்கள். 35 தாளங்கள் ஐந்து நடைகளில் 175 ஆவதும் இந்த வழியில்தான்.

ரூபகத்தில் கொஞ்சம் கவனம் தேவை. கிருதிகளுக்கு இரண்டு தட்டு, ஒரு வீச்சு என்று போட்டுப் பழகியிருப்போம். தியரித் தாளில் சதுஸ்ர ஜாதி ரூபகம் என்று கேட்டால் த்ருதமும் லகுவும், 2+4 என்றே எழுத வேண்டும்.

எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், எளிதுதான். சமத்தில் பாட்டும் தாளமும் சேர்ந்து தொடங்கும். அதீதத்தில் பாட்டு முந்தும், அநாகதத்தில் தாளம் முந்தும். தாளத்தின் பத்துக் கூறுகளான தச பிராணங்களை வரிசையாகச் சொல்லப் பழகினால் போதும்.

செய்முறைத் தேர்வில் கேட்கிறவர் முதலில் கவனிப்பது காலப்பிரமாணத்தை (வேகம் சீராக இருப்பதை) என்பது என் எண்ணம். இரண்டாம் காலத்துக்குப் போகும்போது ஸ்வரம்தான் இரட்டிக்க வேண்டும், கை ஓடக் கூடாது. ஜம்பையின் மிஸ்ர லகுவைத் தனியாகப் பழகுங்கள்: தட்டு, சுண்டு விரலில் தொடங்கிக் கட்டை விரல் வரை ஐந்து, மறுபடி சுண்டு விரல். அந்த ஏழாவது எண்ணிக்கையை விட்டுவிட்டு அனுத்ருதத்துக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம்.