அலறலைக் கடைசியில் பதிவு செய்வோம்

பேய்ப் படத்துக்குத் தமிழில் குரல் சேர்ப்பது, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிட வசனம் குறைந்த வேலை. ஹாலிவுட் படம் டப்பிங்குக்கு வரும்போது இசையும் ஓசைகளும் மட்டும் அடங்கிய தனி டிராக் ஒன்று கூடவே வரும். எங்கள் தொழிலில் அதை ‘எம் அண்ட் இ’ என்போம். மழை, காலடி, கதவு கிறீச்சிடுவது, பின்னணி இசை எல்லாம் அதில் இருக்கும். நடிகர்களின் வாயிலிருந்து வந்தது எதுவும் இருக்காது. எனவே வசனத்தோடு சேர்த்து மூச்சிரைப்பு, விசும்பல், எச்சில் விழுங்குவது, அலறல் அனைத்தையும் இங்கே புதிதாகப் பதிவு செய்தாக வேண்டும். அலறலைக் கடைசிக்கு ஒதுக்கிவைப்போம். தொண்டை கட்டிவிட்டால் மிச்ச வசனத்துக்குக் குரல் இருக்காது.

சாலிகிராமத்தில் ஒலிப்பொறியாளராக இருக்கும் எனக்கு, ஆசியப் பேய்ப் படங்களை ஹாலிவுட் எப்படித் திரும்ப எடுத்தது என்பதில் ஆர்வம் வந்ததே இந்த டிராக்குகளால்தான். ஓர் அமெரிக்க மறுஆக்கத்தில் வேலை செய்யும்போது அதன் மூலப்படத்தையும் தேடிப் பார்த்துவிடுவேன். இரண்டின் ஒலியையும் கணினியில் மேலும் கீழுமாக விரித்துவைத்தால் ஒரு விஷயம் கண்ணுக்கே தெரியும். ஜப்பானியப் படத்தில் அலைக்கோடு நெடுநேரம் படுத்தே கிடக்கும். அமெரிக்கப் படத்தில் சீரான இடைவெளியில் நிமிர்ந்துகொண்டே இருக்கும். அந்த ஒவ்வொரு நிமிர்விலும் யாரோ கதவைத் திறக்கிறார், பூனை தாவுகிறது, அல்லது இசை திடீரென்று ஓங்கி அடிக்கிறது. மூலப்படம் மெதுவாக நகர்கிறது என்று ஒருவர் அலுத்துக்கொள்வதும், மறுஆக்கம் ஒரே இரைச்சல் என்று இன்னொருவர் முகம் சுளிப்பதும் இந்த ஒரே வேறுபாட்டைப் பற்றித்தான்.

1998இல் ஹிதியோ நகாதா இயக்கிய ‘ரிங்கு’ படத்தையும், 2002இல் கோர் வெர்பின்ஸ்கி இயக்கிய ‘தி ரிங்’ படத்தையும் எடுத்துக்கொள்கிறேன். கோஜி சுசுகியின் நாவலிலிருந்து வந்த கதை. ஒரு வீடியோ கேசட்டைப் பார்த்தவர் ஏழு நாளில் இறந்துவிடுவார். தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து பெண் வெளியே வரும் காட்சி இரண்டிலும் உண்டு. நகாதாவின் படத்தில் கேசட்டைப் பார்த்துவிட்ட ஓர் ஆண் மேசையில் எழுதிக்கொண்டிருக்கிறான். பெட்டி தானாக உயிர் பெறுகிறது. திரையில் கிணறு. உலோகத்தை உலோகத்தால் இழுப்பது போன்ற ஒரு தேய்ப்பொலி. இசையமைப்பாளர் கென்ஜி கவாய் அந்த இடத்தில் மெட்டு என்று எதையும் தரவில்லை. தொலைபேசி அலறுகிறது. பேய்ப்பெண் சடாகோ தரையில் கையூன்றி வருகிறாள். சடாகோவாக நடித்த, ஜப்பானின் கபுகி நாடகப் பயிற்சி பெற்ற ரியே இனோவைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைப் பின்னிருந்து முன்னாக ஓட்டினார்கள். அதனால்தான் அவள் நடை மனித நடைக்கு அவ்வளவு நெருக்கமாகவும், ஏதோ ஒன்று தப்பியும் தெரிகிறது. முகத்தைக் கடைசிவரை காட்டவில்லை. ஒரே ஒரு கண் மட்டும்.

வெர்பின்ஸ்கியின் படத்தில் அதே காட்சி இரண்டாகப் பிரிகிறது. இங்கே சடாகோவின் அமெரிக்க வடிவமான சமாரா வருகிறாள். அங்கே கதாநாயகி அவனைக் காப்பாற்றக் காரில் பறக்கிறாள். இப்படி மாற்றி மாற்றிக் காட்டியதும் நமக்குள் ஒரு நம்பிக்கை பிறந்துவிடுகிறது, அவள் வந்துவிடக்கூடும் என்று. நகாதா அந்த நம்பிக்கையைத் தரவே இல்லை. கேமரா அறைக்குள் அவனோடு நம்மையும் வைத்துப் பூட்டிவிடுகிறது. என்னைக் கேட்டால் இரண்டு படங்களுக்கும் உள்ள தூரம் இந்த ஒரு வெட்டில் இருக்கிறது.

அதற்காக வெர்பின்ஸ்கியின் படத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். படகில் மிரண்டு கடலில் பாயும் குதிரை மூலத்தில் கிடையாது. அது அமெரிக்க மண்ணில், கதையில் வரும் குதிரைப் பண்ணையில் முளைத்த பயம். ஈரம் படிந்த பச்சை வெளிச்சமும் ஹான்ஸ் சிம்மரின் அடங்கிய இசையும் அதற்கே உரியவை. 4.8 கோடி டாலரில் எடுத்த படம் உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டாலர் ஈட்டியது என்றால், அதில் நியாயம் இருக்கிறது.

மூலத்தின் முக்கியமான ஓர் இடத்தை வெர்பின்ஸ்கி மாற்றாமலும் விட்டார். எங்கள் கூடத்தில் மூத்த டப்பிங் கலைஞர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அக்காதான். இந்தப் படத்தை ஒரு மதிய உணவு இடைவேளையில் பார்த்துக்கொண்டிருந்தவர், பேய் மறுபடியும் வந்ததும் நிஜமாகவே கோபப்பட்டார்: “கிணற்றிலிருந்து எலும்பை எடுத்துக் கொடுத்தாயிற்றே தம்பி, இன்னும் எதற்கு வருகிறாள்?” அவர் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்தது. அநியாயமாகச் செத்த கன்னிப்பெண்ணுக்குப் புடவை வைத்துப் படையலிட்டால் அவளே குடும்பத்துக்குத் துணையாகிவிடுவாள் என்று நம்பும் ஊரில் வளர்ந்தவர் அவர். நமது பேய்ப் படங்களும் அப்படித்தான். பழி தீர்ந்ததும் ஆவி போய்விடும். சடாகோவுக்குத் தீர்வு எதுவும் இல்லை. கேசட்டைப் பிரதியெடுத்து இன்னொருவருக்குக் காட்டுவது ஒன்றே வழி. இந்த முடிவை ஹாலிவுட் மாற்றாமல் வைத்தது பெரிய விஷயம்.

பிறகு வந்தவர்களுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. 2004இல் ‘தி க்ரட்ஜ்’ படத்தை மூலத்தை இயக்கிய தகாஷி ஷிமிசுவிடமே கொடுத்து, கதையையும் டோக்கியோவிலேயே வைத்துக்கொண்டார்கள். அதில் வரும் பேய் கயாகோவாகத் தகாகோ ஃபுஜியே மறுபடியும் நடித்தார். கயாகோவின் தொண்டைக் கரகரப்பு ஷிமிசுவின் சொந்தக் குரல் என்று அறிந்தபோது ஒலித்துறைக்காரனாக எனக்கு மனம் நிறைந்தது. சுமார் ஒரு கோடி டாலரில் எடுத்த அந்தப் படமும் பெரும் வசூல் செய்தது. அதன் பிறகு நீண்ட கூந்தலும் வெளிறிய முகமும் தொலைபேசியும் இருந்தால் போதும் என்றாகிவிட்டது.

கியோஷி குரோசவாவின் ஜப்பானியப் படமான ‘கைரோ’வில் ஒரு காட்சி. பெண் உருவம் ஒன்று இருண்ட அறையின் மறுகோடியிலிருந்து ஒருவனை நோக்கி மெல்ல நடந்து வருகிறது. பாதியில் கால் இடறித் தடுமாறுகிறது, பிறகு நிமிர்ந்து தொடர்கிறது. பேய்க்கு எதற்குக் கால் இடற வேண்டும்? அந்த ஒரு தடுமாற்றத்தில் என் உடல் சில்லிட்டுப் போனது. 2006இல் வந்த ‘பல்ஸ்’ மறுஆக்கத்தில் அந்தத் தனிமையும் நிதானமும் காணாமல் போய், பாய்ந்து பிடிக்கும் உருவங்கள் மிஞ்சின. 2008இல் வந்த ‘ஒன் மிஸ்டு கால்’ படத்துக்கு விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் கிடைத்தது பூஜ்ய சதவீதம். தாய்லாந்தின் ‘ஷட்டர்’ கதையை அதே ஆண்டில் டோக்கியோவுக்குக் கொண்டுபோய் எடுத்தார்கள். ஜப்பானியப் பேய்தான் விற்கும் என்ற கணக்காக இருக்க வேண்டும். நம்மவர்கள் அதற்கு ஓராண்டு முன்பே அதே கதையை ‘சிவி’யாகத் தமிழில் எடுத்துவிட்டார்கள். 2020இல் மீண்டும் எடுக்கப்பட்ட ‘தி க்ரட்ஜ்’, டோக்கியோவின் சாபத்தைப் பென்சில்வேனியாவுக்கு ஏற்றுமதி செய்தது. திரையரங்கிலிருந்து வெளியே வந்த பார்வையாளர்கள் சினிமாஸ்கோர் கணிப்பில் அதற்குத் தந்த மதிப்பெண் ‘எஃப்’.

எந்தப் படம் நல்லது என்ற பேச்சு எங்கள் கூடத்தில் எழும்போதெல்லாம் பதில் ஓர் ஒழுங்கில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். சிறுவயதில் அமெரிக்கப் படத்தைப் பார்த்துப் பயந்த உதவியாளர்களுக்கு ஜப்பானியப் படம் சப்பென்று இருக்கிறது. மூலத்தை முதலில் பார்த்தவர்களுக்கு மறுஆக்கம் அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிகிறது. கதையின் இரகசியம் தெரிந்த பிறகு வரும் படம் எதுவானாலும் அரை பலத்தோடுதான் போட்டிக்கு வருகிறது. 2002இல் அமெரிக்கர்களில் பெரும்பாலோர் ‘ரிங்கு’வைப் பார்த்திருக்கவில்லை, அங்கே அது பரவலாகக் கிடைத்ததே மறுஆக்கத்துக்குப் பிறகுதான். இதை மறந்துவிட்டு அவர்கள் ரசனையைக் குறை சொல்வது நியாயமாகாது.

எனக்குத் தாங்க முடியாமல் போவது வேறு. ஒரு தொலைக்காட்சிக்காக வேலை செய்தபோது, அமைதியாக இருக்கும் இடங்களிலெல்லாம் இடியோ பெருமூச்சோ சேர்க்கச் சொன்னார்கள். சத்தம் நின்றால் நேயர்கள் அலைவரிசையை மாற்றிவிடுவார்களாம். மறுஆக்கத்தில் ஏற்கெனவே சுருங்கிப்போன மௌனம் அது. அதையும் நாம் தின்றுவிட்டால் மூலப்படத்திலிருந்து ஒரு சொட்டுகூட நம் நேயரிடம் போய்ச் சேராது. நான் வாதாடினேன். சில இடங்களை விட்டுக்கொடுத்தார்கள், பல இடங்களில் இடி விழுந்தது.

இரண்டு ‘ரிங்’ படங்களின் கடைசி நிமிடத்தைப் பற்றி அக்காவும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அமெரிக்கப் படத்தில், பிரதியை யாருக்குக் காட்டப்போகிறோம், அவருக்கு என்ன ஆகும் என்று சிறுவன் கேட்கிறான். அம்மா பதில் சொல்லவில்லை. பலியாகப்போவது யாரோ முகம் தெரியாதவர். ஜப்பானியப் படத்தில் அவள் காரை ஓட்டியபடியே தன் அப்பாவை அழைத்து, பேரனுக்காக ஓர் உதவி வேண்டும் என்கிறாள். பெற்ற அப்பாவையே கொடுக்கப்போகிறாள். அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. “எந்த மகள் இப்படிச் செய்வாள்?” என்கிறார். பேரனுக்காக என்றால் எந்தத் தாத்தாவும் சரி என்பார், அது தெரிந்துதான் அவள் அழைக்கிறாள் என்று நான் சொன்னேன். அக்கா அதற்கும் தலையாட்டவில்லை.