ஒரு தாளுக்காக நாலு வாரம்: லோடர் டிராக்டர் வாங்கிய அனுபவம்

முன்னால் லோடர் வைத்த பழைய குட்டி டிராக்டர் ஒன்று ஒருவழியாக வீட்டுக்கு வந்துவிட்டது. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் தோப்புக்கு வண்டல் அடித்துவிட வேண்டும் என்று ஏப்ரலிலேயே தேட ஆரம்பித்தேன். அதில் நாலு வாரத்தை ஒரே ஒரு தாள் தின்றுவிட்டது.

எங்கள் தோப்பு மன்னார்குடிக்குத் தெற்கே. கஜா புயலில் விழுந்தது போக மிச்சமிருக்கும் மரங்கள், அப்புறம் வைத்த கன்றுகள், ஆறு மாடு. வாய்க்கால் கரை வழியாகத்தான் உள்ளே போக முடியும், பெரிய வண்டி திரும்பாது. அதனால் 24 முதல் 27 எச்.பி.க்குள், நாலு வீல் டிரைவ். மெலிசான முன் அச்சு உள்ள டூ வீல் டிரைவ் வண்டியிலும் பக்கெட் மாட்டி விற்கிறார்கள். ஈர மண்ணோடு தூக்கினால் பாரம் முழுக்க அந்த அச்சில்தான் இறங்கும். விலை குறைவு என்று அதில் கை வைக்காதீர்கள்.

முதல் வண்டி கும்பகோணம் பக்கம். பளபளவென்று புது பெயிண்டில் நின்றது. பானட்டைத் தொட்டேன், சுட்டது. “இப்பத்தான் ஒரு நடை போயிட்டு வந்துச்சும்மா” என்றார் விற்பவர். கூட வந்த மெக்கானிக் அண்ணன் எதுவும் பேசாமல் கியர் ஆயில் ஸ்டிக்கை உருவி, என் உள்ளங்கையில் ஒரு சொட்டு வைத்தார். பால் ஊற்றின டீ நிறம். “சேத்துல ஓடுன வண்டி தங்கச்சி. சீல் போயி தண்ணி உள்ள இறங்கியிருக்கு” என்றார். நடவுக்குக் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்டு வருஷக்கணக்கில் சேறடித்த வண்டிகள் நம் பக்கம் நிறைய விற்பனைக்கு வருகின்றன. இந்த அளவு வண்டிகள் பலவற்றில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். அதில் தண்ணீர் கலந்தால் லோடரின் பம்பும் வால்வும் சேர்ந்து வீணாகும். அண்ணன் வராமல் நான் மட்டும் போயிருந்தால் பெயிண்டைப் பார்த்தே பணம் கொடுத்திருப்பேன். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

இரண்டாவது வண்டி பட்டுக்கோட்டை பக்கம். இன்ஜினை முன்னாடியே சூடாக்கி வைத்துவிடக் கூடாது என்று இந்த முறை நேரம் சொல்லாமல் காலை ஆறரைக்கே போய் நின்றோம். குளிர்ந்த இன்ஜின் முதல் சாவியிலேயே எடுத்தது. பக்கெட் நிறைய மண் அள்ளி இடுப்பு உயரத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் தள்ளி நின்று பார்த்தோம். இரண்டு விரல் அளவுதான் இறங்கியது. லோடர் மூட்டுகளின் பின்னிலும் (pin) புஷ்ஷிலும் ஆட்டமில்லை, சிலிண்டர் ராடில் கீறல் இல்லை. லோடரின் சட்டம் பின் அச்சு வரை போய் போல்ட் ஆகியிருந்தது. இதைக் குனிந்து பார்த்தே ஆகவேண்டும். சட்டம் முன்பக்கத்தோடு நின்றுவிட்டால் பாரம் கிளட்ச் ஹவுசிங்கில் விழுந்து விரிசல் விடும். ஆயில் தேன் மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் அங்கேயே இருபதாயிரம் முன்பணம் கொடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், கடன் கொடுத்த ஃபைனான்ஸ் பெயர் இருந்தது. “கட்டி முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு” என்று விற்பவர் கடைசி ரசீதைக் காட்டினார். ரசீது போதாது. ஃபைனான்ஸ்காரர் தரும் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்க, கையெழுத்து முத்திரையோடு படிவம் 35-ம் வேண்டும். ஃபைனான்ஸ் அலுவலகத்துக்குப் போன முதல் நடையில், கடன் வாங்கியவரே வரவேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போனால், கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, அபராத வட்டி 1,840 ரூபாய் பாக்கி என்றார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன். “நீங்க கேக்கலையே” என்றார். எனக்குக் கை நடுங்கியது. விற்பவர் அந்த இடத்திலேயே கட்டினார். தலைமை அலுவலகத்திலிருந்து தாள் வர மூன்று வாரம். வந்த தாளை வாசலிலேயே நின்று ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். சேஸிஸ் எண்ணில் 3 இருக்கவேண்டிய இடத்தில் 8. மறுபடி உள்ளே போய் உட்கார்ந்தேன், மாற்றித் தரும்வரை எழுந்திருக்கவில்லை. சாயந்திரம் நாலரைக்குச் சரியான தாள் கையில் இருந்தது.

படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றியது சுலபமாக முடிந்தது. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். முன்பணம் கொடுக்கும் முன் ஆர்.சி.யை வாங்கிப் படியுங்கள்.

வண்டலுக்கு இந்த வருஷம் நேரம் இல்லாமல் போய்விட்டது. முதல் நாள் பக்கெட் நிறைய எருவைத் தூக்கியபோது பின் சக்கரம் தரையை விட்டு லேசாக எழும்பியது. உடனே இறக்கிவிட்டேன். இப்போது எதிர்ப்பாரமாகப் பழைய டிரம்மில் கான்கிரீட் ஊற்றிப் பின்னால் மாட்டியிருக்கிறது. நாலு ஆள் இரண்டு நாள் வாரும் எருக்குழியை நேற்று ஒரே காலையில் காலி பண்ணினேன்.