காப்பித்தூள் டப்பாவை மூடி வையுங்கள்

வெட்டுக்காயம் பட்டால் நம் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் கை முதலில் போவது காப்பித்தூள் டப்பாவுக்குத்தான். வாழை இலை அறுக்கையில் விரல் வெட்டுப்பட்டாலும் சரி, பனங்கருக்கு கிழித்தாலும் சரி, ஒரு கை அள்ளி அப்பித் துணியைச் சுற்றிவிடுவார்கள். ரத்தம் நிற்பது உண்மை. நிறுத்தியது தூளுக்கு மேலே வைத்து அழுத்திய கை. வெறும் துணியை வைத்து அப்படி அழுத்தினாலும் அதே நேரத்தில்தான் நின்றிருக்கும். தூளோ சதைக்குள் போய்ப் பசையாகிவிடுகிறது. தையல் போடுகிறவர் அதைக் கழுவிச் சுரண்டி எடுத்தால்தான் காயம் எவ்வளவு ஆழம் என்றே பார்க்க முடியும். மஞ்சள்தூள், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

அழுத்துவதில் ஒரு முறை இருக்கிறது. துவைத்துக் காய்ந்த பருத்தித் துணியை நாலாக மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிஷம். இடையில் ‘நின்னுட்டா’ என்று தூக்கிப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு; அப்போதுதான் கட்டத் தொடங்கிய ரத்தக்கட்டி துணியோடு பிய்ந்து வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். கையையோ காலையோ நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்தால் இன்னும் நல்லது.

ரத்தம் நின்றபின் குழாய்த் தண்ணீரில் ஐந்து நிமிஷம் கழுவலாம். சுற்றியுள்ள தோலுக்குச் சோப்பு போதும். அரிவாள் வெட்டு விரலில் என்றால் இரண்டு சோதனை கட்டாயம்: ஒவ்வொரு விரல் நுனியையும் தனித்தனியாக மடக்கி நீட்டச் சொல்லுங்கள், நுனியைத் தொட்டால் உணர்வு இருக்கிறதா கேளுங்கள். மடங்கவில்லை என்றால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் அறுந்திருக்கிறது. மரத்திருந்தால் நரம்பு போயிருக்கிறது. வெட்டு சின்னதாகத் தெரிந்தாலும் இவை இரண்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை. வாய் பிளந்து நிற்கிற காயத்தைத் தையலுக்கு ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோவது நல்லது. விரல் துண்டாகவே போய்விட்டால், துண்டை ஈரத்துணியில் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் கலந்த தண்ணீர் உள்ள இன்னொரு கவருக்குள் வையுங்கள். ஐஸ்கட்டி நேரே சதையில் படக்கூடாது. பட்டால் உறைந்து செத்துவிடும், ஒட்டவைக்க முடியாது.

டெட்டனஸ் வராமல் தடுக்கும் டி.டி. ஊசி பற்றி ஒரு வார்த்தை. ஆறு மாசத்துக்கு ஒரு முறை போட வேண்டும் என்று ஒரு நம்பிக்கை ஓடுகிறது. சின்ன வயதில் எல்லா ஊசியும் போட்டவருக்குச் சுத்தமான காயம் என்றால் கடைசி ஊசிக்குப் பத்து வருஷம் வரை பயமில்லை. மண், சாணி, துரு பட்ட காயம், ஆணி ஏறியது என்றால் ஐந்து வருஷம். எப்போது போட்டது என்று நினைவில்லாதவர் போட்டுக்கொள்வதே சரி. தேதியை வீட்டுக் காலண்டரில் இல்லாமல் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பனங்கருக்கின் பல் ரம்பம் மாதிரி. அது கிழித்த இடத்தில் சிலாம்பு உள்ளே நிற்கும்; நன்றாகக் கழுவி, வெளிச்சத்தில் பார்த்து, கொதிநீரில் போட்டெடுத்த இடுக்கியால் போன வழியிலேயே இழுக்க வேண்டும். உடைமுள் ஒடிந்து உள்ளே நின்றால் எருக்கம்பால் விடுவது நம் காட்டு வழக்கம். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பால் தோலைப் புண்ணாக்கும். அதே விரலால் கண்ணைக் கசக்கினால் இன்னும் கேடு: கருவிழி வீங்கிப் பார்வை மங்கும், வலி அதிகம் இருக்காது என்பதால் ஆள் சும்மா இருந்துவிடுவார். மூட்டுக்குள் முள் ஏறி மறுநாள் மூட்டு வீங்கினால் வீட்டில் நோண்டாதீர்கள்.

இனி சூடு. சுடுதண்ணீர், குழம்பு, எண்ணெய், எது பட்டாலும் மருந்து ஒன்றுதான்: ஓடுகிற சாதாரணக் குழாய்த் தண்ணீர், இருபது நிமிஷம். இரண்டு நிமிஷம் காட்டிவிட்டு எரிச்சல் குறைந்தது என்று எடுத்துவிடுவார்கள். தோலின் மேல்பகுதி ஆறியிருக்கும், கீழே சூடு இன்னும் வெந்துகொண்டே இருக்கும். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் எப்போது ஊற்றினாலும் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம். பேஸ்ட், பேனா மை, முட்டை வெள்ளை, மாவு எதுவும் வேண்டாம். அவை சூட்டை உள்ளேயே பூட்டி வைக்கும், பிறகு உரித்தெடுக்கையில் தோலும் வரும். வீக்கம் ஏறும் முன்னே மோதிரம், வளையல், அரைஞாண் கழற்றிவிடுங்கள். குழந்தை என்றால் சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர், மற்ற உடம்பைத் துணியால் போர்த்துங்கள், குளிர்ந்துவிடும்.

உடன்குடி, திசையன்விளைப் பக்கத்தில் கருப்பட்டி காய்ச்சும் குடிசைகளான விடிலிகளில் நடப்பது இன்னொரு வகை. பதநீர் சுண்டிக் கூப்பனியாகிப் பாகு பதத்துக்கு வரும்போது அதன் சூடு கொதிக்கிற தண்ணீரைவிட அதிகம். தெறித்தால் தண்ணீர் மாதிரி வழிந்து ஓடாது. ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். அல்வா கிண்டுகிற இடத்திலும் இதே ஆபத்துதான். ஒட்டிய பாகைப் பிய்க்காதீர்கள், தோலோடு வரும். தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் முதலில் ஆறும், பிறகு கரைந்து தானே போகும். பனந்தோப்புக்குள் குழாய் கிடையாது. ஆகவே அடுப்பு பற்றவைக்கும் முன்பே ஒரு குடம் நல்ல தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். அதில் துணியை நனைத்துப் போட்டு, நிமிஷத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொண்டே இருங்கள்.

கொப்புளத்தை உடைக்கக்கூடாது. அடிபட்டவரின் கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்பில் நூற்றில் ஒரு பங்கு. குழந்தைக்கு அந்த ஒரு கையளவுக்கு மேல் சுட்டால் ஆஸ்பத்திரி. முகம், கை, மூட்டு, மறைவிடம் என்றால் அளவு பார்க்க வேண்டாம். மின்சாரம் சுட்டது வெளியே புள்ளி போலத்தான் தெரியும், உள்ளே சதை வெந்திருக்கும், இதயத் துடிப்பும் தடுமாறலாம், அதுவும் ஆஸ்பத்திரிதான்.

நாய்க்கடிக்கு வருவோம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் வெறிநோய் வந்துவிட்டால் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. வராமல் தடுப்பதோ எளிது. கடித்த உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைக்கும். பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவலாம். கட்டுப் போட வேண்டாம், தையலையும் கூடியமட்டும் தள்ளிப்போடுவார்கள். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைத்துவிட்டு வந்தால் கிருமியை உள்ளே தேய்த்து அனுப்பியதாகத்தான் அர்த்தம்.

அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடும் ஊசிக்கு 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28. முதல் ஊசி போட்ட நாளே 0. மூன்று ஊசி போட்டதும் புண் ஆறிவிட்டது என்று நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தக்கூடாது. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தைச் சுற்றியே போட வேண்டும், ஏனென்றால் தடுப்பூசி வேலைசெய்யச் சில நாட்கள் ஆகும். அதைக் கேட்டு வாங்குங்கள். பாபநாசத்திலும் குற்றாலத்திலும் பையைப் பிடுங்குகிற குரங்கின் கடிக்கும் கீறலுக்கும், வீட்டுப் பூனைக் கடிக்கும் இதே முறைதான்.

பாம்பு. நம் நாட்டில் பெரும்பாலான சாவுக்குக் காரணம் நாலு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நெல்வயல் வரப்பில் கண்ணாடி விரியன், கல்லும் மணலுமான வறண்ட காட்டில் சுருட்டை. நாலுக்கும் ஒரே நஞ்சுமுறிவு மருந்துதான், ஆகவே பாம்பைத் தேடி அடித்து எடுத்துப் போவது வெட்டி வேலை, இன்னொருவரும் கடிபடுவார். அந்த மருந்து செய்யத் தேவையான நஞ்சில் பெரும்பங்கு மாமல்லபுரம் பக்கத்தில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

கடித்ததும் கயிறு கட்டாதீர்கள். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நஞ்சு சதையைத் தின்னும்; கட்டினால் அது ஒரே இடத்தில் தேங்கிக் காலே போகும், அவிழ்த்த கணம் மொத்தமும் மேலே பாயும். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கொலுசு, மெட்டி கழற்றுங்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல ஒரு பலகையை வைத்து வேட்டியால் காலைக் கட்டி அசையாமல் வையுங்கள். நடக்கவிடக்கூடாது, தசை அசைந்தால் நஞ்சு வேகமாகப் பரவும். 108 வரத் தாமதம் என்றால் பைக்கில் இருவருக்கு நடுவில் உட்காரவைத்துக் கிளம்புங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் நஞ்சு ஏறியிருக்கிறது. ‘என்ன, சும்மா வச்சுப் பாத்துட்டே இருக்காங்க’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். அதுதான் வைத்தியத்தின் முதல் படி. எதுவும் தெரியாவிட்டாலும் ஒரு நாள் முழுக்க அங்கே இருக்க வேண்டும். கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்தவர்களைக் கடிக்கும், வலிக்காது, பல் தடம்கூடத் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி, இமை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் என்று ஒருவர் எழுந்தால் வாயுவென்று கஷாயம் வைக்காமல் திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரிக்கோ தூக்குங்கள்.

தேள் கொட்டினால் பெரும்பாலும் வலிதான்: துணியில் சுற்றிய ஐஸ், ஒரு பாராசிட்டமால். ஆனால் செந்தேள் கொட்டிய குழந்தைக்கு வேர்த்துக் கைகால் சில்லிட்டு வாந்தி வந்தால் இதயம் தாக்கப்படுகிறது என்று பொருள். பிரசோசின் என்ற மாத்திரை இதற்கு உயிர் காக்கும். மகாராஷ்டிரத்து மகாட் ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டாக்டர்தான் கொடுக்க வேண்டும்.

கண்ணில் சுண்ணாம்பு பட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓடுமுன் கழுவ வேண்டும். இமையை விரித்துப் பிடித்து, துகளைத் துணி நுனியால் எடுத்து, அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு டியூபைக் குழந்தை அமுக்கிக் கண்ணில் பீய்ச்சிக்கொள்வது நடக்கிற காரியம், உயரத்தில் வையுங்கள். அறுவடைச் சமயத்தில் நெல் சுணையோ வாழைச் சருகோ கண்ணில் அடித்தால் பூஞ்சைப் புண் வரலாம். தாய்ப்பால், இலைச்சாறு விடுவது கூடாது. மருந்துக்கடையில் ‘கண் செவப்புக்கு’ என்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு அதைவிடக் கேடு: சிவப்பைக் குறைத்துக்காட்டிப் பூஞ்சையை வளர்த்துவிடும்.

சுளுக்குக்கு முதல் இரண்டு நாள் எண்ணெய் போட்டு நீவக்கூடாது, உள்ரத்தம் கூடும். ஐஸ் இருபது நிமிஷம், கிரேப் கட்டு, காலை உயர்த்தி வைத்தல். நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாக்க வேண்டாம், முன்னால் குனிந்து மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிஷம் இறுக்கிப் பிடித்து வாயால் மூச்சுவிடுங்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவி கொடுப்பதால் எதுவும் நிற்பதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரம் பாருங்கள், ஐந்து நிமிஷம் தாண்டினால் 108.

வயிற்றோட்டத்துக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவு. ஒரு லிட்டருக்கானதை ஒரு தம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு ஏறிக் குழந்தைக்கு வலிப்பே வரும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்கு, தட்டையாக வழித்த ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு வாய் என்று பையப் பையக் கொடுங்கள்.

காய்ச்சல் மருந்திலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்றும் வரும், 250 என்றும் வரும். பாட்டிலும் நிறமும் ஒன்றுபோல இருக்கும். அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தைக்கு முதல் பாட்டிலில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை. மூன்று மாசத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து ஊற்றாமல் நேரே டாக்டர். பாட்டில் மாறும்போதெல்லாம் மூடியில் பேனாவால் அளவை எழுதி ஒட்டிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுந்து ஊற்றினாலும் கண்ணில் படும்.