சுகருக்கு க்ரீன் டீ குடிக்கலாமா?

சுகர் இருக்கு, வெயிட்டும் குறையணும், க்ரீன் டீ குடிச்சா போதுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. டீ இலைல பாலிஃபீனால்னு தாவரப் பொருட்கள் இருக்கு, அதுல முக்கியமானது கேட்டகின், அதுலயும் ஈஜிசிஜிங்குற வகை. பறிச்ச இலைய உடனே ஆவில வேகவச்சோ வாணலில வறுத்தோ சூடு காட்டுனா கேட்டகின மாத்துற என்சைம் வேலை செய்யாது, கேட்டகின் பெரும்பாலும் அப்படியே நிக்கும், அதான் க்ரீன் டீ, சூடு காட்டாம அதே இலைய கசக்கி காத்துல விட்டா கேட்டகின் தியாஃப்ளேவின், தியாருபிஜின்னு வேற பொருளா மாறி நம்ம டீத்தூள் ஆயிடும், செடி ஒண்ணுதான்.

லேப்ல பாத்தா இந்த பாலிஃபீனால் எல்லாம் மாவுச்சத்த உடைக்குற அமைலேஸ் என்சைம தடுக்குது, அதனால சாப்பிட்டதும் சுகர் சட்டுனு ஏறாதுன்னு ஒரு நம்பிக்கை. ஆனா மனுஷங்க கிட்ட பலன் ரொம்ப சின்னது, எடை விஷயத்துல மருத்துவ ஆய்வுகள அலசிப் பாக்குற காக்ரேன் அமைப்போட 2012 ஆய்வுத் தொகுப்பே அப்படித்தான் சொல்லுது. இத நம்பி சுகர் மாத்திரை மெட்ஃபார்மின நிறுத்திராதீங்க, ப்ளீஸ்.

க்ரீன் டீ கேப்சூல்னா இன்னும் கவனம், நாளுக்கு 800 மில்லிகிராம் ஈஜிசிஜி சப்ளிமெண்ட்டா எடுத்தா கல்லீரலுக்கு ஆபத்து வரலாம்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல எச்சரிச்சிருக்கு. ரத்தசோகை இருக்கவங்க சாப்பாட்டோட டீ வேணாம், இரும்புச்சத்து சரியா சேராது.

என்னைக் கேட்டா மொதல்ல சீனிய விடுங்க, கப்புக்கு ரெண்டு ஸ்பூன்னா நாலு கப்புல 30 கிராமுக்கு மேல போகுது.