பதினாறு வாரம்

என் கையால் வளர்த்த இரத்தக் குருத்தணுக்களை, அதாவது எல்லா வகை இரத்த அணுக்களையும் தந்து தம்மையும் புதுப்பித்துக்கொள்ளும் மூலச் செல்களை, முதன்முதலாக நுண்ணோக்கியில் பார்த்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து பிரித்தெடுத்த சில நூறு செல்கள் பத்தே நாளில் கிண்ணம் கொள்ளாமல் நிறைந்திருந்தன. உருண்டை உருண்டையாக, பளபளவென்று, ஒன்றையொன்று நெருக்கித் தள்ளிக்கொண்டு. படம் எடுத்தேன், எண்ணினேன், வரைபடம் போட்டேன், அதை எடுத்துக்கொண்டு ஆய்வகத் தலைவரின் அறைக்கு ஓடினேன். அவர் வரைபடத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “இவை குருத்தணுக்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது?” என்று கேட்டார்.

செல்லின் பரப்பில் குருத்தணுவின் அடையாளப் புரதங்களான சி-கிட் இருக்கிறது, ஸ்கா-1 இருக்கிறது என்று, செல்களை வகைபிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் காட்டிய புள்ளிகளை நீட்டினேன். “அடையாள அட்டை இருக்கிறது. சரி. வேலை செய்யுமா?” என்றார். அந்தக் கேள்வியின் நியாயம் புரிய எனக்கு நான்கு மாதம் ஆனது. வளர்ப்புக் கிண்ணத்துக்குள் போன சில நாட்களிலேயே அந்த அடையாளங்கள் நம்பகத்தன்மையை இழந்துவிடுகின்றன. குருத்தணுத் தன்மையைத் தொலைத்த செல்லும் பழைய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரியும்.

இந்தத் துறையில் உள்ள விசித்திரமே இதுதான். ஒரு செல்லைச் சுட்டிக்காட்டி “இது குருத்தணு” என்று சொல்ல முடியாது. “அது குருத்தணுவாக இருந்தது” என்று பின்னால்தான் சொல்லலாம். 1961இல் டொராண்டோவில் டில், மெக்கல்லக் இருவரும் கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மஜ்ஜையை ஏற்றி, மண்ணீரலில் முளைத்த முடிச்சுகளை எண்ணினார்கள். இன்றுவரை அளவுகோல் அதன் வாரிசுதான். செல்களைக் கதிர்வீச்சு பெற்ற எலிக்குள் செலுத்த வேண்டும். கொடையாளியின் செல்லுக்கு சிடி45.2, பெறுபவருக்கு சிடி45.1 என்று பிரித்தறியும் குறி இருக்கும். குறைந்தது 16 வாரம் காத்திருந்து இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அப்போதும் கொடையாளியின் செல்கள் எல்லா வகை இரத்த அணுக்களையும் தந்துகொண்டிருந்தால், அந்த மஜ்ஜையை எடுத்து இரண்டாவது எலிக்கு ஏற்றி மறுபடியும் காத்திருக்க வேண்டும். தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் திறன் என்பது அந்த இரண்டாவது எலியில்தான் தெரியவரும்.

நானும் செலுத்தினேன். நான்காம் வாரம் கொடையாளியின் செல்கள் அமோகமாக இருந்தன. தலைவரின் அறையை இருமுறை கடந்து நடந்தேன். எட்டாம் வாரம் பாதியாகச் சரிந்தன. பன்னிரண்டாம் வாரம் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பதினாறாம் வாரம் ஒன்றுமில்லை.

காரணம் என் குறிப்பேட்டிலேயே எழுதியிருந்தது. குளிர்பெட்டியில் இருந்த சைட்டோகைன்களில், அதாவது செல்களுக்குச் சமிக்ஞை தரும் புரதங்களில், எதையும் விட்டுவைக்காமல் செல்களை வளர்க்கும் ஊடகத்தில் நான் கலந்திருந்தேன். அவற்றில் இன்டர்லூக்கின்-3 ஒன்று. செல்களை ஒன்று இரண்டாக வெறிகொண்டு பிரியவைப்பதில் அதற்கு இணையில்லை. பிரிந்தவை முதிர்ந்த இரத்த அணுக்களாகும் பாதையில் இறங்கிவிடுகின்றன என்பதுதான் சங்கடம். விதைநெல்லை எடுத்துச் சமைத்துவிட்டு, பானை நிறையச் சோறு இருக்கிறது என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் எனக்கு ஒரே ஏற்பியோடுதான், அதாவது செல்லின் மேல் நின்று சமிக்ஞையைப் பிடிக்கும் ஒரே புரதத்தோடுதான் குடித்தனம்: எம்பிஎல். அதில் வந்து ஒட்டும் சைட்டோகைன் த்ரோம்போபொய்டின். 1994இல் பல குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அதைப் பிரித்தெடுத்தபோது எல்லாரும் தேடியது, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை உண்டாக்கும் ஹார்மோனைத்தான். ஈரல் அதை ஏறத்தாழ ஒரே சீராகச் சுரக்கிறது. தட்டணுக்கள் தம் மேல் உள்ள எம்பிஎல் ஏற்பியால் அதைப் பிடித்து விழுங்குகின்றன. தட்டணு குறைந்தால் விழுங்க ஆளில்லை, இரத்தத்தில் அளவு ஏறும், மஜ்ஜை மேலும் தட்டணுக்களை உண்டாக்கும். இவ்வளவு எளிய கணக்கு உயிரியலில் அபூர்வம்.

ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. எம்பிஎல் இல்லாத எலிகளில் தட்டணுக்கள் இயல்பான அளவில் வெறும் 10 முதல் 15 விழுக்காடாகச் சரிந்தன, அது எதிர்பார்த்தது. கூடவே குருத்தணுக்களும் பல மடங்கு குறைந்திருந்தன. மனிதர்களில் இதன் கொடிய வடிவம் இருக்கிறது. எம்பிஎல் மரபணு இரு பிரதிகளிலும் பழுதாகிப் பிறக்கும் குழந்தைக்கு முதலில் தட்டணுக் குறைவு மட்டும்தான் தெரியும். சில வருடங்களில் சிவப்பணுவும் வெள்ளையணுவும் சேர்ந்து குறைந்து மஜ்ஜையே ஓய்ந்துபோகும். தட்டணுவுக்கான ஹார்மோன் என்று நாம் பெயர் வைத்தது எல்லா இரத்தத்தின் வேருக்கும் நீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

நீர் ஊற்றுவது என்றால் வளரவைப்பது என்று நானும் நினைத்தேன். 2007இல் இரண்டு குழுக்கள் வெளியிட்ட ஆய்வுகள் அந்த நினைப்பைக் கலைத்தன. த்ரோம்போபொய்டின் சமிக்ஞை வளர்ந்த எலியின் குருத்தணுக்களை உறங்கவைக்கிறது. அது இல்லாவிட்டால் அவை விழித்துப் பிரியத் தொடங்கி, வயது ஏற ஏறத் தீர்ந்துபோகின்றன. கிண்ணத்தில் பிரியவைக்கும் அதே பொருள் மஜ்ஜைக்குள் தூங்கவைக்கிறது! ஏற்பி ஒன்றே. அதன் வாலில் ஒட்டியிருக்கும் ஜாக்2 நொதியும் ஒன்றே, அது தட்டியெழுப்பும் ஸ்டாட்5 புரதமும் ஒன்றே. அப்படியானால் பதில் சமிக்ஞையின் பெயரில் இல்லை. எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம், வேறு எந்தச் சமிக்ஞையோடு சேர்ந்து, எந்த இடத்தில் என்பதில் இருக்கிறது. எல்என்கே என்றொரு புரதம் ஜாக்2 மேல் பிரேக் போல உட்கார்ந்திருக்கிறது. அதை நீக்கிய எலிகளில் குருத்தணுக்கள் பல மடங்கு கூடின. ஆக, சமிக்ஞையைக் கூட்டினால் பெருகவும் கூடும். இந்த முரணை ஒரே வாக்கியத்தில் அடக்குபவரைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும்.

இடையில் ஊடகத்தில் சேர்க்கும் ஆல்புமின் என்ற புரதத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும், இதில் எனக்கு ஒரு கடன் இருக்கிறது. இன்டர்லூக்கின்-3ஐ நீக்கியபின் சோதனைகள் ஓரளவு நிலைபெற்றன. திடீரென்று ஒரு மாதம் முதல் மறுபடி எல்லாம் சரிந்தது. அதே செய்முறை, அதே சைட்டோகைன்கள், அதே இன்குபேட்டர். அந்த நேரத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த மாணவி ஒருவர்தான் ஊடகம் தயாரித்துக்கொண்டிருந்தார். அவருடைய பிப்பெட் கை சரியில்லை என்று முடிவுகட்டி, எல்லார் முன்னிலையிலும் சொல்லவும் செய்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் முதல் ஒவ்வொரு அளவையும் எடையிட்டுச் சரிபார்த்து எழுதி வைத்தார். எல்லாம் துல்லியம். மாறியது மாட்டு ஆல்புமின் புட்டி மட்டுமே. பழைய தொகுதி தீர்ந்து புதிய தொகுதி வந்திருந்தது. ஆல்புமின் ஊடகத்தில் வெறும் நிரப்பி என்றே நாங்கள் நினைத்திருந்தோம். இரத்தத்திலிருந்து வடித்த பொருள், தன்னோடு என்னவெல்லாம் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று யாரும் கேட்டதில்லை.

2019இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆய்வாளர்கள் சேர்ந்து ஆல்புமினையே தூக்கிவிட்டு, கோந்தில் சேரும் பாலிவினைல் ஆல்கஹாலை அந்த இடத்தில் போட்டார்கள். த்ரோம்போபொய்டின் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம். சி-கிட் ஏற்பிக்கான குருத்தணுக் காரணி வெறும் 10. இரண்டே இரண்டு சைட்டோகைன்கள். ஒரு மாதத்தில், வேலை செய்யும் குருத்தணுக்கள் 236 முதல் 899 மடங்கு வரை பெருகின, அதுவும் எலிக்குள் செலுத்தி அளந்த கணக்கு. அந்தக் கட்டுரையைப் படித்து முடித்தபோது நான் முதலில் நினைத்தது என் குளிர்பெட்டியில் சைட்டோகைன்கள் நிறைந்திருந்த அந்த அடுக்கை. அடுத்து அந்த மாணவியை. அவர் அதற்குள் வேறு ஆய்வகத்துக்குப் போயிருந்தார். கடிதம் எழுதினேன். “எனக்கு அப்போதே தெரியும்” என்று ஒரே வரியில் பதில் வந்தது.

குருத்தணுக் காரணியின் கதை பழையது, ஆனால் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இரத்தசோகையோடு பிறக்கும் இரண்டு வகை எலிகள் இருந்தன. ஒரு வகைக்கு நல்ல மஜ்ஜை ஏற்றினால் குணமாகும். மற்றதற்கு எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை, ஆனால் அதன் மஜ்ஜையை எடுத்து முதல் வகைக்கு ஏற்றினால் அது வேலை செய்யும். முதலாவதில் விதை பழுது, இரண்டாவதில் மண் பழுது. பல பத்தாண்டுகள் கழித்து விதையில் பழுதானது சி-கிட் ஏற்பி என்றும், மண்ணில் பழுதானது அதற்கான காரணி என்றும் தெரிந்தது. மூலக்கூறு எதுவும் தெரியாமல், எலியை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் யோசித்தவர்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

மருத்துவர்களோடு உட்கார்ந்து பேசும் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கியபின் ஏற்பி எனக்கு வேறு முகம் காட்டியது. 2005இல் நான்கு குழுக்கள் ஜாக்2வின் 617ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதைக் கண்டன. சிவப்பணு மிகைப்பு நோயில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு அது இருக்கிறது. சைட்டோகைன் வராமலேயே ஏற்பி சமிக்ஞை தந்துகொண்டிருக்கும். 2013இல் இன்னொரு வழி தெரிந்தது: கால்ரெட்டிகுலின் என்ற புரதம் மாறிப்போகிறது. அது எம்பிஎல் ஏற்பியிலேயே ஒட்டி அதைத் தூண்டிக்கொண்டிருக்கும் என்பது பின்னால் புலப்பட்டது. இரத்த அணுக்கள் அளவின்றிப் பெருகுகின்றன. ஆனால் அந்த நோய்க் குருத்தணு, புதுப்பித்துக்கொள்வதில் இயல்பானதைவிட வலுவானதா என்றால், எலி மாதிரிகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. என் பழைய கிண்ணம்தான் நினைவுக்கு வந்தது.

எல்ட்ரொம்போபேக் மாத்திரையின் செய்தியும் அப்படியொரு கூட்டத்தில்தான் என் காதில் விழுந்தது. எம்பிஎல் ஏற்பியைத் தூண்டும் மருந்து, தட்டணுவுக்காக உருவாக்கப்பட்டது. மற்ற சிகிச்சைகளுக்கு மசியாத மஜ்ஜைச் செயலிழப்பு நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சிலருக்கு மூன்று வகை அணுக்களும் ஏறின என்று 2012இல் முடிவு வந்தது. வியப்பு என்னவென்றால், அந்த நோயாளிகளின் இரத்தத்தில் த்ரோம்போபொய்டின் ஏற்கெனவே மிக அதிகம். கதவைத் தட்ட ஆள் இருக்கும்போது இன்னொருவர் எதற்கு? நோயில் மிகுந்திருக்கும் இன்டர்ஃபெரான்-காமா என்ற இன்னொரு சைட்டோகைன் த்ரோம்போபொய்டினைப் பற்றிக்கொண்டு ஏற்பியில் சரியாக உட்காரவிடாமல் தடுக்கிறது என்றும், மாத்திரை வேறிடத்தில் ஒட்டுவதால் தடையைத் தாண்டிவிடுகிறது என்றும் பின்னர் விளக்கினார்கள். மாத்திரை இரும்பைப் பற்றி இழுப்பதும் குருத்தணுவுக்கு உதவுகிறது என்று வேறொரு விளக்கமும் உண்டு. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

உற்சாகத்தில் மறுநாளே என் எலிகளுக்கு அந்த மருந்தை வாங்கக் கோரிக்கை எழுதினேன். பக்கத்து மேசை நண்பர் எட்டிப்பார்த்துச் சிரித்தார். மனித ஏற்பியின் 499ஆம் இடத்தில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்துத்தான் அது வேலை செய்கிறது. எலியின் ஏற்பியில் அது கிடையாது. கோரிக்கையைக் கிழித்துப் போட்டேன்.

இப்போது தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒரே ஒரு செல் போட்டு, நாள்தோறும் பார்த்துக் குறிக்கிறோம். பெரும்பாலானவை இரண்டு மூன்று நாட்களில் பிரிந்துவிடும். சில தாமதிக்கும். உண்மையான குருத்தணுக்கள் முதல் பிரிவுக்கு அதிக நேரம் எடுப்பது வழக்கம் என்பதால், இப்போது அந்தச் சோம்பேறிக் குழிகளுக்குப் பச்சை மையால் வட்டம் போடுகிறோம். போன மாதம் அடுக்கைச் சுத்தம் செய்தபோது என் முதல் வருடக் குறிப்பேடு கிடைத்தது. அதிலும் தனிச்செல் தட்டுகள் இருந்தன. மூன்றாம் நாளில் ஒற்றையாகவே நின்ற குழிகளை “வளரவில்லை” என்று எழுதிச் சிவப்பு மையால் அடித்திருந்தேன், பக்கம் பக்கமாக. அந்தத் தட்டுகளெல்லாம் அன்றன்றே ஆட்டோகிளேவின் கொதிநீராவிக்குப் போய்விட்டன.