ஒரே பாயில் கொட்டிய இரண்டு மலைகள்

குன்னூரில் டீ டேஸ்டராக இருந்தவரை, ஒரு தேயிலையைப் பற்றி யார் கேட்டாலும் அதன் கிரேடைத்தான் முதலில் சொல்வேன். இயந்திரத்தில் நசுக்கிக் குருணையாக்குகிற சிடிசி தூளுக்கு அது போதும். எந்தச் சரிவில் விளைந்தது, யார் கை பறித்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தோடுதான் சீனாவின் யுன்னான் மாகாணத்துக்குப் போனேன். மெங்ஹாய் மாவட்டத்தில் ஒரு கொள்முதல் நிலையத்தில் வசந்த காலம் முழுவதும் வேலை.

மெங்ஹாய், மியான்மர் எல்லையை ஒட்டிய சிஷ்வாங்பன்னா பகுதியில் இருக்கிறது. பள்ளத்தாக்கில் நெல் வயல்களுக்கு நடுவே, தாய்லாந்து மக்களுக்கு உறவான தாய் இனத்தாரின் ஊர்கள். மேலே ஏற ஏற ஹானி, புலாங், லாஹு இனத்தாரின் ஊர்கள். கடைவீதியிலும் அலுவலகத்திலும் ஹான் சீனர்கள் அதிகம். செடி என்னவோ எனக்குப் பழகியதுதான், அஸ்ஸாமில் வளர்கிற அதே பெரிய இலை வகை. ஆனால் பக்குவம் வேறு. பறித்த கொழுந்தைக் கொஞ்சம் வாடவிட்டு, விறகு அடுப்பில் பெரிய இரும்புச் சட்டியில் வதக்கி, கையால் உருட்டி, மூங்கில் பாயில் வெயிலில் காயவைப்பார்கள். அந்தக் காய்ந்த இலைக்கு மாவ்சா என்று பெயர். அதை ஆவியில் இளக்கி வட்டமாக அழுத்தினால் புவர் தேயிலை வில்லை. வழக்கமான வில்லை 357 கிராம். ஏழு வில்லைகளை அடுக்கி மூங்கில் மடலில் கட்டினால் ஒரு கட்டு.

லீவு கணக்குப் போடுவதுதான் எனக்கு முதல் தலைவலி. ஏப்ரல் தொடக்கத்தில் ஹான் கணக்கர் முன்னோர் கல்லறைக்குப் போய்விடுவார். ஏப்ரல் நடுவில் நீர்த் திருவிழா, தாய் இனத்து டிரைவரும் எடை போடும் புலாங் பையனும் வரமாட்டார்கள். அது அவர்களுடைய புத்தாண்டு. நம் சித்திரை ஒன்றைப் போலவே, சூரியன் மேஷத்தில் நுழைவதை வைத்துப் பிறந்த கணக்கு. அதைத் தெரிந்துகொண்ட பிறகு லீவு கொடுக்க எனக்கு மனம் கசக்கவில்லை.

அந்தத் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்புதான் தவறு நடந்தது. ஒரே வண்டியில் இரண்டு சாக்குகள் வந்திறங்கின. ஒன்று ஹானி ஊரிலிருந்து, மற்றது புலாங் ஊரிலிருந்து. இரண்டும் என் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. கிரேடு ஒன்றுதானே என்று இரண்டையும் ஒரே பாயில் கொட்டிக் கிளறச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் ஹானி ஊரிலிருந்து அக்கா பணம் வாங்க வந்தார். நிலையத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். பாய் ஓரம் உட்கார்ந்தவர், உள்ளங்கை நிறைய இலையை அள்ளி, மூச்சால் சூடாக்கி முகர்ந்தார். பிறகு இரண்டு விரலால் ஒவ்வொரு இலையாகப் பிரித்து வைத்தார். "இதுல பாதி எங்க இலை இல்லையே" என்றார். அவர் வீட்டில் தளர்வாக உருட்டுவார்களாம். அந்தக் குவியலில் பாதி, கயிறு போல இறுக்கமாக முறுக்கியிருந்தது. அவர் நீட்டிய கையை நானும் முகர்ந்தேன். மெல்லிய புகை வாசம். இருபது வருடம் டேஸ்ட் பண்ணிய மூக்கு அதைத் தவறவிட்டிருந்தது.

அவருடைய கோபம் நியாயமானது. அந்த மலைகளில் ஊர்ப் பெயர்தான் விலை. லாவ் பன்சாங் என்ற ஹானி ஊரின் இலைக்குக் கிடைக்கிற விலை பக்கத்து ஊருக்குக் கிடைக்காது. அதனாலேயே அந்தப் பெயரில் போலிகள் ஏராளம். 2007-ல் புவர் சந்தை சரிந்தபோது ஏறிய விலையெல்லாம் கொட்டிப்போனது. அதைப் பார்த்த தலைமுறை, தன் சாக்கில் வேறு ஊர் இலை கலப்பதை எப்படிப் பொறுக்கும்? நம்பிக் கொடுத்ததை நான் பெயரில்லாத பொருளாக்கிவிட்டேன். அதை இன்றும் சாதாரணமாக நினைக்க முடியவில்லை.

வித்தியாசத்தை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி இரண்டு வீட்டுக்கும் முழு விலை கொடுத்தேன். ஆனால் புலாங் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லாமல் தூக்கம் வரவில்லை. மலையேறிப் போனபோது அங்கே ஒரு பாட்டி மட்டும் இருந்தார். எடை போடும் பையன்தான் என் பேச்சை அவர் மொழியில் சொன்னான். பாட்டி ஒன்றும் பேசாமல் உள்ளே போய், ஒரு மூங்கில் குழாயைத் தட்டி, ஈரமான பச்சைப் பழுப்பு இலையைக் கொஞ்சம் என் கையில் வைத்தார். வேகவைத்துப் புளிக்கவிட்டு, குழாயில் திணித்து மண்ணில் புதைத்து எடுத்த புளித் தேயிலை. குடிப்பதற்கில்லை, மெல்லுவதற்கு. முதலில் புளிப்பு, அப்புறம் கசப்பு, தொண்டையில் கொஞ்சம் இனிப்பு. தேயிலையை நான் அதுவரை பானமாக மட்டுமே பார்த்திருக்கிறேன். இவர்களுக்கு அது விருந்தாளிக்கு முதலில் கொடுக்கிற பண்டம். பக்கத்து மலைகளில் ஜினோ மக்கள் பச்சைக் கொழுந்தைக் கசக்கி, உப்பும் மிளகாயும் பூண்டும் சேர்த்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். லாஹுக்கள் மண் குடுவையில் இலையை வறுத்து, அதன்மேல் கொதிநீர் ஊற்றுகிறார்கள். இதில் எதற்கும் என் பழைய கிரேடு அட்டவணையில் ஒரு கட்டம் கிடையாது.

மறுநாளிலிருந்து ஊர்ப் பெயரைச் சாக்கின் வாயிலேயே எழுதிக் கட்ட வைத்தேன். இலை வாங்கும்போது அக்காவையோ அந்தப் பையனையோ பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவர்கள் முகர்ந்த பிறகே நான் முகர்ந்தேன்.

கலந்துபோன அந்த இலையையும் வில்லையாக அழுத்தினோம். கிளம்பும்போது ஒன்றை விலைகொடுத்து வாங்கி வந்தேன். குன்னூர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மற்ற வில்லைகளின் காகிதத்தில் மலையின் பெயர் இருக்கும். இதன் காகிதத்தில் அச்சகம் விட்ட வெற்றிடம் அப்படியே இருக்கிறது. அதில் இரண்டு ஊர்களின் பெயரையும் என் கையால் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்.