பாட்டிக்கு எழுத்து தெரியாது

மகன் நான்காம் வகுப்புக்குப் போன பிறகும் எழுத்துக்கூட்டித்தான் படித்துக்கொண்டிருந்தான். எழுத்தும் தெரியும், சொல்லும் தெரியும். இரண்டுக்கும் நடுவே எங்கேயோ மூச்சு முட்டியது. ‘பொறுமை’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்ணில் படுவது ஒற்றைக்கொம்பு. உடனே ‘பெ’ என்று தொடங்குவான். அப்புறம்தான் துணைக்கால் தட்டுப்படும். நின்று, திரும்பிப் போய், ‘பொ’ என்று திருத்துவான். ‘று’ வரும், ‘மை’ வரும். அதற்குள் அந்த வாக்கியத்தில் யார் என்ன செய்தார்கள் என்பதே மறந்து போயிருக்கும். ஒரு பத்தி முடிக்க ஏழெட்டு நிமிடம். “என்னடா படிச்சே?” என்று கேட்டால் என் முகத்தையே பார்ப்பான்.

இப்போது அவனுக்குப் பதினொரு வயது. சரளமாகப் படிக்கிறான். இடையில் கழிந்த இரண்டு வருடத்தில் நாங்கள் அடித்த கூத்துகளையும், கடைசியில் எது கைகொடுத்தது என்பதையும் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

அதற்கு முன் ஒன்று. கண், காது இரண்டையும் முதலில் பரிசோதித்தோம். டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தைப் படிப்பதையே சிரமமாக்கும் கற்றல் குறைபாடு, இருக்குமோ என்று ஒரு நிபுணரிடமும் காட்டினோம், இல்லை என்றார். இதைச் செய்யாமல் யாரும் மேலே போகாதீர்கள். டிஸ்லெக்ஸியா உள்ள குழந்தைக்கு முறையான பயிற்சி வேண்டும். நான் எழுதப்போவது அதற்கு மாற்று இல்லை.

கோளாறு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் நான் செய்த முதல் வேலை, பணத்தைக் கொட்டியது. வாரத்தில் நான்கு நாள் தனி வகுப்பு. வாசிப்புப் பயிற்சி தரும் ஒரு செயலிக்கு வருடச் சந்தா. பன்னிரண்டு தொகுதிகளாக வந்த சிறுவர் இலக்கிய வரிசை, கெட்டி அட்டையில். நான் வளர்ந்த வீட்டில் பாடப்புத்தகத்தை விட்டால் அச்சடித்த பொருள் என்று இருந்தது நாள்காட்டி மட்டும்தான். எனக்குக் கிடைக்காதது இவனுக்குக் கிடைத்தே ஆக வேண்டும் என்று ஒரு வெறி. அந்த வரிசையைக் கூடத்து அலமாரியில் அடுக்கிய அன்று அவனைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

2010இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றி அப்போது படித்திருந்தேன். 27 நாடுகளின் தரவுகளை வைத்துச் செய்தது. வீடு நிறையப் புத்தகம் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள், புத்தகமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளைவிட சராசரியாக மூன்று வருடம் கூடுதலாகப் படிக்கிறார்கள். பெற்றோரின் படிப்பையும் வேலையையும் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் நிற்கிறது என்றார்கள். நான் அதை மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்கொண்டேன். புத்தகம் வாங்கு, பிள்ளை படிப்பான். புத்தகம் நிறைந்த வீட்டில் அவற்றைப் படிப்பதற்கும் படித்ததைப் பற்றிப் பேசுவதற்கும் ஆட்கள் இருப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எங்கள் வீட்டில் நானும் கணவரும் கைபேசியைத்தான் படித்துக்கொண்டிருந்தோம்.

நட்சத்திர அட்டை இன்னொரு கூத்து. ஒரு பக்கம் படித்தால் ஒரு நட்சத்திரம். இருபது சேர்ந்தால் அவன் கேட்கிற பொருள். முதல் இரண்டு வாரம் பிரமாதம். மூன்றாவது வாரம் ஐயா பேரம் பேச ஆரம்பித்துவிட்டார். “படம் போட்ட பக்கமும் ஒரு பக்கம்தானே மா?” எழுத்து குறைவாக உள்ள பக்கங்களை மட்டும் தேடிப் பொறுக்குவான். அட்டையை எடுத்ததும் அதுவும் நின்றுவிட்டது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் சின்னக் குழந்தைகளை வைத்து இதையே காட்டியிருக்கிறார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளிடம் ‘வரைந்தால் பரிசு’ என்று முன்கூட்டியே சொல்லிப் பரிசும் கொடுத்தார்கள். சில நாள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாதபோது, அந்தக் குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். அங்கேயாவது ஆசை இருந்து கெட்டது. இவனிடம் ஆசையே இல்லை. நான் கூலி வேலையை மட்டும் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

அவனுடைய நான்காம் வகுப்பின் நடுவில் என் கணவருக்கு வேலை போனது. ஏழு மாதம். தனி வகுப்பு நின்றது, செயலி நின்றது, தொலைக்காட்சிச் சந்தாவும் நின்றது.

பணம் போனதால் குடும்பம் ஒன்றுகூடி எல்லாம் நல்லபடி முடிந்தது என்று யாரும் படித்துவிட வேண்டாம். அந்த மாதங்களில் நான் மோசமான அம்மாவாக இருந்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும்போது என் தலைக்குள் அடுத்த தவணைக் கணக்குதான் ஓடும். அவன் ஒரு சொல்லில் தடுக்கினால் சுள்ளென்று விழுவேன். ஒருநாள் புத்தகத்தைப் பிடுங்கி வீசியே விட்டேன். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நேரத்தில், அறிவுத்திறன் சோதனைகளில் அவர்கள் வாங்கிய மதிப்பெண், அறுவடை முடிந்து பணம் வந்தபின் அதே ஆட்கள் வாங்கியதைவிடக் குறைவு. ஆள் அதே ஆள்தான். பணக்கவலை மூளையில் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்களின் வாதம். ‘பெற்றோர் தினமும் அரைமணி நேரம் குழந்தையோடு உட்கார்ந்தால் போதும், அதற்குக் காசா பணமா?’ என்று யாராவது அறிவுரை சொன்னால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த அரைமணி நேரம் பொறுமையாக உட்காரத்தான் பணம் வேண்டியிருக்கிறது.

நல்ல வேளையாக நான் ஒதுங்கிய இடத்தில் என் மாமியார் வந்து உட்கார்ந்தார்.

அத்தைக்கு எழுத்து தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவார், அதையும் படம் வரைவது மாதிரி. தொலைக்காட்சி நின்றதில் வீட்டிலேயே அதிக நஷ்டம் அவருக்குத்தான். தினம் மூன்று தொடர் பார்க்கிறவர். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். அப்புறம் பேரனைப் பிடித்துக்கொண்டார். “கண்ணு, கதை கேக்காம தூக்கம் வரலடா. உன் பொஸ்தகத்துல என்ன எழுதிருக்குன்னு எனக்குச் சொல்லேன்.”

அவன் என் பன்னிரண்டு தொகுதி பக்கம் போகவில்லை. பொது நூலகத்திலிருந்து கணவர் எடுத்து வந்திருந்த ஒரு கால்பந்து வீரரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துக்கொண்டு போனான். மட்டமான தாள், பக்கத்துக்கு நாலு ஆச்சரியக்குறி, நூறு பக்கம்கூட இருக்காது. ‘இதெல்லாம் ஒரு புத்தகமா’ என்று எனக்கு உள்ளுக்குள் முணுமுணுப்பு. ஆனால் பிடுங்கவில்லை. அப்போது அதற்கும் எனக்குத் தெம்பில்லை.

அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் ‘பயிற்சியாளர் அவனை வெளியே அமர வைத்தார்’ என்று படித்தான். அத்தை உடனே நிறுத்தினார். “ஏன் உக்கார வெச்சான்? அவனுக்கும் இவனுக்கும் என்ன பகை?” முந்தின பக்கத்துக்குப் போய்த் தேடினான். காயம் என்று கண்டுபிடித்தான். “காயமா? நெசமாவா, இல்ல சாக்கா?” அத்தை அந்தக் கால்பந்து வீரரைத் தன் தொடரின் கதாநாயகனாக எடுத்துக்கொண்டுவிட்டார். பயிற்சியாளர் வில்லன். எதிரணித் தலைவன் மேல் இனம் புரியாத பாசம்.

இன்னொன்றும் நடந்தது. அவன் ‘விமான நிலையத்திற்குச் சென்றான்’ என்று படித்தால், “அதென்ன சென்றான், வந்தான்னு சபையில பேசற மாதிரி. போனான்னு சொல்லு” என்பார். ஆகவே அவன் எழுத்துத் தமிழைப் பார்த்துப் பேச்சுத் தமிழில் சொல்ல ஆரம்பித்தான். ‘கூறினார்’ என்பது ‘சொன்னாரு’ ஆனது, ‘இயலவில்லை’ என்பது ‘முடியல’ ஆனது. அர்த்தம் பிடிபடாமல் இப்படி மாற்ற முடியாது. ‘என்னடா படிச்சே?’ என்று நான் வருடக்கணக்காகக் கேட்டுக் கிடைக்காத பதிலை அத்தை வாக்கியத்துக்கு வாக்கியம் வாங்கிக்கொண்டிருந்தார். நம் குழந்தைகள் பேசுகிற மொழியும் புத்தகத்தில் வருகிற மொழியும் வேறுவேறு. வீட்டில் ஒருவரும் உரக்கப் படிக்காவிட்டால் ‘இயலவில்லை’ அவர்கள் காதில் விழ வழியே இல்லை. இது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து ஒரு திருட்டுத்தனம் தெரியவந்தது. அவன் அறைக்குப் போனபின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அன்று அவன் பாட்டிக்குச் சொன்ன இறுதிப் போட்டி அதில் இல்லவே இல்லை! கடினமான பத்தி வந்தால் தாண்டிவிட்டுச் சொந்தச் சரக்கை அவிழ்த்துவிட்டிருக்கிறான். சொல்லித் திருத்தலாமா என்று யோசித்துக் கணவரைக் கேட்டேன். “விடு, எங்கம்மா பார்த்துப்பாங்க” என்றார். அவர் சொன்னபடியே ஆனது. இரண்டு நாள் கழித்து அத்தை: “டேய், முந்தாநாள் தலையால முட்டிப் போட்டான்னே. இன்னைக்குக் காலால உதைச்சான்ங்கற?” எழுத்து தெரியாதவர்களின் ஞாபகசக்தியிடம் யாரும் விளையாடக் கூடாது. மூன்று தடவை மாட்டிக்கொண்டதும், கட்டுக்கதையை ஞாபகம் வைப்பதைவிடப் படித்துவிடுவதே லேசு என்று முடிவு செய்துவிட்டான் போல. கடினமான பத்திகளில் நிற்கத் தொடங்கினான். ‘ஒப்பந்தம்’ என்று ஒரே மூச்சில் அவன் சொன்னதை அப்போதுதான் முதலில் கேட்டேன். அதே வயதில் பாடப்புத்தகத்தில் ‘ஒற்றுமை’யைத் தாண்ட முடியாதவன்.

இது ஏன் என்று பிறகு தேடிப் படித்தேன். 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வருணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். நன்றாகப் படிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாதவர்களைவிட, வாசிப்பில் பின்தங்கி பேஸ்பால் தெரிந்தவர்கள்தான் அதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். எனக்கு இது தலையில் குட்டியது போல இருந்தது. என் மகன் ‘வாசிப்பில் பலவீனமானவன்’ இல்லை. நான் கொடுத்த புத்தகங்களின் உலகம் அவனுக்குத் தெரியாது. கால்பந்தில் எந்த வீரர் எந்த அணியிலிருந்து எங்கே போனார் என்பது வரை அத்துப்படி. தொலைக்காட்சியும் விளம்பரமும் நண்பர்களும் சேர்ந்து அவன் மண்டையில் ஏற்றியது அது. நான் குப்பை என்று நினைத்த அந்தச் சரக்கில்தான் அவன் வாசிப்பு வேர்பிடித்தது.

ஃபுளோரிடாவில் அலிங்டன் குழுவினர் செய்த ஆய்வும் அப்படித்தான் சொல்கிறது. வசதியில்லாத வீட்டுக் குழந்தைகளுக்குத் தொடர்ந்து மூன்று கோடை விடுமுறைகளில், விடுமுறைக்குப் பன்னிரண்டு என்று, இலவசமாகப் புத்தகம் கொடுத்தார்கள். குழந்தைகளே தேர்ந்தெடுக்கலாம். அதிகம் பேர் எடுத்தவற்றில் பாடகர்கள், திரை நட்சத்திரங்கள் பற்றிய புத்தகங்கள் முன்னால் நின்றன. பெரியவர்கள் பலர் முகம் சுளித்திருப்பார்கள். மூன்றாவது வருட முடிவில், புத்தகம் கிடைக்காத குழந்தைகளைவிட இவர்கள் வாசிப்புத் தேர்வில் மேலே இருந்தார்கள். அங்கேயும் பன்னிரண்டு, என் அலமாரியிலும் பன்னிரண்டு. தேர்ந்தெடுத்தது யார் என்பதில்தான் வித்தியாசம்.

கணவருக்கு வேலை கிடைத்ததும் தொலைக்காட்சி திரும்பி வந்தது. அத்தை தன் மூன்று தொடருக்குத் திரும்பினார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார், அந்த நேரம் பேரனுக்கு என்று. தனி வகுப்பைத் திரும்பத் தொடங்கவில்லை. அந்தப் பணத்தில் மாதம் ஒரு புத்தகம் அவனே எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டோம். பேய்க்கதை, கார்ட்டூன், மல்யுத்தம், மறுபடியும் கால்பந்து. கார்ட்டூன் பார்க்கும்போது வசன வரிகளைப் போட்டுவிடுவேன், பேசுகிற மொழியிலேயே. அவன் வேண்டாம் என்று சொன்னதில்லை, கண் தானாக அங்கே போகிறது.

ஆங்கிலத்தில் இன்னும் தடுமாறுகிறான். கதைப்புத்தகம் என்று நான் எதை நினைக்கிறேனோ அதை இன்றுவரை அவன் விரும்பித் தொட்டதில்லை. அந்தப் பன்னிரண்டு தொகுதிகளுக்குக் கூடத்தில் இப்போது வேறு வேலை: ஆறு இந்தப் பக்கம், ஆறு அந்தப் பக்கம், நடுவே கோல். அத்தை கட்டிலில் உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டு நடுவராக இருக்கிறார். நேற்று ‘ஆஃப்சைடு’ என்று ஒரு கோலைச் செல்லாது என்றுவிட்டார். அவன் சண்டைக்குப் போனான். “நீதானடா படிச்சுக் காட்டுனே, முப்பத்தி நாலாம் பக்கம்” என்றார். போய் எடுத்துப் பார்த்தான். முப்பத்தாறு.